'எந்த மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வார்' என்ற வரியைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் டிரையல்ஸ் பைக் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு தமிழ் நாளிதழ் இந்த விளையாட்டுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. இதில் வேகத்துக்கு வேலையில்லை, பாறையும் மரக்கட்டையும் சேறுமான பாதையைக் கால் ஊன்றாமல் கடப்பதுதான் போட்டி என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, மூன்றும் அதற்கு மேலும் 3, விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5, கடைசியில் குறைந்த புள்ளி வாங்கியவருக்கே வெற்றி என்ற கணக்கையும் சரியாகச் சொல்லியிருந்தீர்கள்.

கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி உறுத்துகிறது. 'பழைய வண்டியாக வாங்கினால் செலவு குறைவு. மற்றதை எந்த டூவீலர் மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வார்' என்று வந்திருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதை நம்பி வண்டி வாங்கும் பிள்ளைகள் காசையும் இழப்பார்கள், கையையும் உடைத்துக்கொள்வார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இதில் ஆசை வந்து, கோவையில் ஒருவரிடமிருந்து 250 சிசி டூ ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டி ஒன்றை வாங்கினோம். பெரியபாளையம் பக்கம் அவள் தாய்மாமனின் தென்னந்தோப்பில், புயலில் சாய்ந்த தென்னங்கட்டைகளையும் உடைந்த கிணற்று உறைகளையும் போட்டு இருவரும் பழகுகிறோம். ஓட்டுவதில் நாங்கள் இருவருமே புதியவர்கள். பிரித்துப் பூட்டும் வேலைதான் எனக்குப் பிழைப்பாக இருந்தது. இப்போது மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு 100 சிசி எஞ்சினை இறக்கி ஏற்றுவார். ஆனால் அவர் கை பழகியது 110 கிலோ எடையில், சீட்டில் உட்கார்ந்து, ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு. டிரையல்ஸ் வண்டி 70 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு சீட்டே கிடையாது. டேங்கில் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். ரோட்டு வண்டிக்குச் சரியான பல விஷயங்கள் இதற்குக் கெடுதலாகிவிடுகின்றன.

காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் நிறுத்தினால் கேட்காமலே 30 பி.எஸ்.ஐ. அடித்துவிடுவார்கள். இந்த வண்டியின் பின் டயருக்கு வேண்டியது 4 முதல் 5 பி.எஸ்.ஐ., முன் டயருக்கு 5 முதல் 7. முதல் தடவை கேட்பவர்கள் நான் ஏதோ ஒரு இலக்கத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். இந்த அளவில்தான் பின் டயர் யானைக் கால் போலப் பரந்து கல்லின் மேல் படியும். காற்று ஏறிவிட்டால் கட்டையில் பட்டதுமே துள்ளும், ஈரப்பாறையில் பின்பக்கம் விலகி ஓடும். பழகாத பிள்ளை, தப்பு தன் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து மனம் ஒடிந்துவிடும். பங்க் கேஜில் 5-ஐ நம்பிப் படிக்கவே முடியாது. 0 முதல் 15 வரை காட்டும் சின்ன கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது அவசியம். வெயிலில் நின்ற டயர் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், ஓட்டுவதற்கு முன் நிழலில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

பின் டயர் 4.00-18 அளவு, டியூப்லெஸ். ரிம்மின் விளிம்பில் டயரை உட்கார வைக்கும்போது மட்டும் காற்றை நிறைய ஏற்றி, இரண்டு பக்கமும் 'டப்' என்று உட்கார்ந்த பிறகு இறக்கிவிட வேண்டும். ஸ்போக் வைத்த ரிம் என்பதால், பல வண்டிகளில் நடுவே ஓடும் ஒரு ரப்பர் பட்டைதான் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. டயர் லிவரை ஆழமாகக் குத்தி நெம்பினால் அந்தப் பட்டை கிழிந்து, அதன் பிறகு எந்தக் கடைக்காரராலும் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. முன் டயர் 2.75-21, அதில் டியூப் உண்டு. பழைய வண்டி வாங்கும்போது டயரின் மேலுள்ள ரப்பர் கட்டைகள் உயரமாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் இளக வேண்டும். காய்ந்துபோன டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பாறையில் பிடிக்காது.

வாங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பெயினின் மோன்டேசா, காஸ் காஸ், இத்தாலியின் பீட்டா, பிரான்ஸின் ஷெர்கோ என்று எது கைக்கு வந்தாலும், முதலில் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிப் பத்திரம், இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு எண் இல்லாத வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. நாங்கள் குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோகிறோம். பிறகு வண்டியின் பின் மட்கார்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன் 'டொக்' என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் ஸ்விங் ஆர்ம், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கை, அதன் லிங்கேஜ் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. கால் வைத்து நிற்கும் ஃபுட் பெக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அது மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸில் வெடிப்பு உண்டா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். ஓட்டுபவரின் முழு எடையும் அங்கேதான் இறங்குகிறது. ஃபோர்க் குழாயின் குரோம் பூச்சில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் துரு இருந்தால் அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். திருவான்மியூர், எண்ணூர் போல உப்புக்காற்று படும் இடத்தில் நின்ற வண்டி என்றால் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஓட்டிப் பார்க்கத்தான் கை துடிக்கும். அதற்கு முன் வண்டியை ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப அமைத்துவிடுங்கள். எங்களுக்கு விற்றவர் நல்ல உயரம், எடையும் அதிகம். என் மகள் மெலிந்தவள். பின் ஸ்பிரிங் அவருக்காக இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் ஏறி நின்றால் பின்பக்கம் அமுங்கவே இல்லை. அவள் பெக்கில் நிற்கும்போது பின் சக்கரத்தின் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, டேப் வைத்து அளந்து, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரிலோட் வளையத்தைத் தளர்த்தினோம். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அளக்க வேண்டும். வேறு சிரமம் ஒன்றுமில்லை.

நின்றுகொண்டே ஓட்டும் வண்டி என்பதால் ஹேண்டில்பாரை ஏறக்குறைய ஃபோர்க்கின் சாய்வுக்கு நேராக வைப்பது தொடக்கத்துக்கு நல்லது. கிளட்ச், பிரேக் லிவர்கள் ஒரே விரலால் இழுக்க உள்ளவை. ஆள்காட்டி விரலின் நுனி லிவரின் வளைவில் உட்காரும்படி கிளாம்ப்பை உள்ளே தள்ளிவிடுங்கள். கிளாம்ப்புக்கு அடியில் பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சில சுற்று சுற்றி, போல்ட்டை முழுக்க முறுக்காமல் விட்டால், வண்டி விழும்போது லிவர் திரும்பிக்கொள்ளும், உடையாது. விழாமல் இந்த விளையாட்டைக் கற்க வழியில்லை. லிவரோ கடல் தாண்டி வர வேண்டும். புதியவர்களுக்கு மெதுவாகத் திறக்கும் த்ராட்டில் (ஆக்சிலேட்டர்) குழாய் கிடைக்கிறது, அதையும் மாட்டிவிடுங்கள். மணிக்கட்டில் கயிற்றோடு கட்டிக்கொள்ளும் காந்த கில் சுவிட்ச் இல்லாமல் யாரையும் ஏற்றவே கூடாது. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிட வேண்டும். இதில் நான் என் மகளிடம் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை.

இனி ஆயில். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பழைய டிரையல்ஸ் வண்டிகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

ராஜ்தூத், யெஸ்டி காலத்து ஆட்கள் பெட்ரோலில் டூ டி ஆயிலை, அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயிலை, கையளவாக ஊற்றுவார்கள். கூடினால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்பார்கள். டிரையல்ஸ் எஞ்சின் பெரும்பாலும் ஐட்லிங்கிலும் கால்பங்கு த்ராட்டிலிலுமே ஓடுகிறது. கூடுதல் ஆயில் எரியாமல் பிளக்கில் படியும், சைலன்சரில் தேங்கும். ஆயில் கூடும் அளவுக்குப் பெட்ரோல் குறைந்து, காற்றோடு சேரும் கலவை லீன் ஆகவும் செய்யும். நல்ல சிந்தெடிக் ஆயிலில், பல டூ ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டிகளுக்கு 60-க்கு 1 முதல் 80-க்கு 1 வரை போதும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. 70-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 14 மி.லி. மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, கோட்டைப் பார்த்து இழுத்து, பெட்ரோல் கேனில் கலந்து, குலுக்கி, பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும். மகள் கேன் மேலேயே மார்க்கர் பேனாவால் விகிதத்தை எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. வார இறுதியில் மட்டும் ஓட்டும் வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேர்ந்து, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் பெட்ரோலை மூடிவிட்டு, கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து காலி செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

கியர் பாக்ஸில் மெக்கானிக் கடையில் வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில் ஊற்றினால் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு, லிவரைப் பிடித்தாலும் வண்டி முன்னே நகரும். பாறை விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு ஆபத்து! பல டிரையல்ஸ் வண்டிகளுக்கு ஏ.டி.எஃப்., அதாவது கார்களின் ஆட்டோமேட்டிக் கியருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஊற்றும் சிவப்பு ஆயில்தான் பொருந்துகிறது. அளவும் அரை லிட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால் அடிக்கடி மாற்றினாலும் செலவு பெரிதல்ல. வடிக்கும் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் வாட்டர் பம்ப் சீல் போய்விட்டது என்று பொருள். சரியான ஆயில் இருந்தாலும், நாள்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளி ஆட்டினால் விடுபட்டுவிடும்.

கிளட்ச்சும் கேபிள் இல்லாமல் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக்தான். அதில் என்ன ஊற்றுவது என்பது மூடியில் எழுதியிருக்கும்: சிலவற்றுக்கு டாட் 4 பிரேக் ஆயில், சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப்போகும். எங்கள் வண்டியில் முந்தைய உரிமையாளர் காலத்தில் ஏதோ ஒரு கடையில் மினரல் ஆயில் வேண்டிய இடத்தில் பிரேக் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். பிஸ்டனை வெளியே எடுத்தபோது சீல் அதன் பள்ளத்தில் அடங்காமல் உப்பிப் பிதுங்கி நின்றது. லிவர் ஏன் திரும்பி வரத் தயங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஊற்றியவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூடியில் இருந்த எழுத்து மண்ணில் மறைந்திருந்தது. அதைத் துடைத்து, வெள்ளை பெயின்டால் மேலே தமிழில் எழுதிவிட்டோம்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டி நடை வேகத்தில் ஓடுவதால் ரேடியேட்டரில் காற்று அடிக்காது. சின்ன ஃபேன் ஒன்றுதான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. வண்டியை ஐட்லிங்கில் விட்டு, சூடேறியதும் ஃபேன் தானாக ஓடுகிறதா, ஆறியதும் நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓடவில்லை என்றால் அன்று ஓட்டாதீர்கள். மே மாதத்தில் காலை வெயில் ஏறுவதற்குள் நாங்கள் நிறுத்திவிடுவோம். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து அடைத்துவிடும். கூலன்ட், அல்லது அதோடு கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

ஏர் ஃபில்டர் ஃபோம் பஞ்சால் ஆனது. செம்மண் தூசியில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டிய இடங்கள் விட்டுப்போகும். ஃபில்டர் கிளீனர், பிறகு சோப்புத் தண்ணீர், நிழலில் நன்றாக உலர்த்தல், பிறகு ஃபில்டர் ஆயிலை முழுக்கப் பிசைந்து ஏற்றுதல் என்று வரிசையாகச் செய்யுங்கள். காய்ந்த பஞ்சோடு ஓட்டினால் தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடவே கூடாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் பேரிங் சீல்களைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், வெளியே பளபளப்பாக இருக்கும் வண்டி உள்ளே துருப்பிடிக்கும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

உதிரிபாகம் கிடைக்காது என்ற பயத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். அதில் பாதி தேவையற்ற பயம். பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். 6004 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 42, அகலம் 12. எந்த நாட்டில் செய்தாலும் இதே அளவுதான். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனால் பேரிங் கடையில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருகிறார்கள். ஆயில் சீலிலும் அளவு எழுதியிருக்கும். 520 அளவு செயின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டாலே கிடைக்கும். எங்கள் வண்டியில் ஃபுட் பெக் பின் தேய்ந்து பெக் தொங்கிப்போயிருந்தது; ஈஎன்8 ரக எஃகுக் கம்பியில் புதிய பின்னை அம்பத்தூரில் ஒரு லேத்தில் நானே கடைந்து போட்டேன். பிஸ்டன், கிளட்ச் பிளேட், டயர், பிளாஸ்டிக் இவற்றுக்குத்தான் வெளிநாட்டை நம்ப வேண்டும். அவற்றை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். கட்டுரை சொல்லாமல் விட்ட செலவு இதுதான்.

'இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு' என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததையும் பார்த்தேன். ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் 1948-ல் முதன்முதலாக வெளியுலகுக்கு வந்ததே இங்கிலாந்தில் ஒரு டிரையல்ஸ் போட்டியில்தான். அந்தப் புல்லட்டை 1950-களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பூட்டி அனுப்பியவர்கள் நம் திருவொற்றியூர் தொழிலாளர்கள். ஸ்பெயினின் டிரையல்ஸ் வீரர் டோனி போ 2007 முதல் ஆண்டு தவறாமல் உலகப் பட்டம் வென்றுவந்ததைப் பார்த்து வாய் பிளக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஒரு காணி நிலமும் நாலு கட்டையும் சரியாக அமைத்த ஒரு பழைய வண்டியும் கிடைத்தால் போதும். கடற்கரைச் சாலையில் இரவில் வீலிங் செய்து போலீஸிடம் சிக்கும் பையன்களிடம் உள்ள சமநிலைக்கு இது உண்மையான இடம். என் மகள் கல்லூரியில் அப்படி இரண்டு பேர் இப்போது எங்கள் தோப்புக்கு வருகிறார்கள்.

ஆகவே ஐயா, இரண்டு வேண்டுகோள். வண்டி விற்பவர்கள் கையேட்டையும், ஊற்றிவந்த ஆயில், ஜெட் அளவு, ஸ்பிரிங் விவரங்களை எழுதிய ஒரு தாளையும் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எடுத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் நீளமாகிவிட்டது என்று எனக்குத் தெரிகிறது. இடமில்லாமல் வெட்ட நேர்ந்தால் என்னைப் பற்றிய பத்தியை வெட்டிவிடுங்கள். டயர் காற்று, ஆயில் விகிதம், கிளட்ச் மூடி, கில் சுவிட்ச் ஆகிய நான்கையும் எண்கள் மாறாமல் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபிட்டர்,
அம்பத்தூர், சென்னை - 53